'எழுத்து' இதழும் 'புதுக்கவிதை' என்னும் பெயரும்

சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் சென்னையிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது திறனாய்வுக்கே முதலிடம் தர எண்ணினார். 2000 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பது இதழின் கொள்கை. அவ்வரம்பை எட்டும் நிலை அதற்கு நேரவே இல்லை. அவருடைய 'ஜீவனாம்சம்' நாவல் அதில்தான் தொடராக வெளிவந்தது. எனினும் 1970இல் நின்றுபோன அவ்விதழ் இன்று நினைக்கப்படுவது பெரிதும் கவிதைக்காகவே.

யாப்பை விட்ட கவிதை 'எழுத்து'வில் பிறந்ததன்று. பாரதியின் வசன கவிதைகள் முன்னரே இருந்தன, ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' 1934இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. இல்லாதிருந்தது நிலைபெற்ற ஒரு பெயரே. வசன கவிதை, சுயேச்சா கவிதை, லகு கவிதை, விடுநிலைப்பா எனப் பல பெயர்கள் வழங்கின. (எழுதிப் பார்த்தவர் எவரும் அதனை லகுவானதாகக் கருதியிரார்.) சுயேச்சை, விடுநிலை என்பன மேலை மொழிகளின் கலைச்சொல்லைப் பெயர்த்தவை. எதிலிருந்து விடுதலை என்னும் வினாவை அவை எழுப்புவதால், யாப்பே அவற்றிலும் அளவுகோலாக நின்றது. க.நா. சுப்ரமண்யம் முன்னின்று வாதிட்ட 'புதுக்கவிதை' என்னும் பெயரிலோ யாப்பைப் பற்றிய குறிப்பே இல்லை.

பெயரை நிலைபெறச் செய்தது, படைப்பும் மதிப்புரையும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தமையாகும். பசுவய்யாவின் 'உன் கை நகம்' 1959இல் வெளிவந்தது. சி. மணியின் நெடுங்கவிதை 'நரகம்', திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமின் கவிதைகள் ஆகியன தொடர்ந்தன. இவற்றை அசை, சீர், தளை கொண்டு விளக்க இயலாது. யாப்பில் அடி என்பது சீர்களின் எண்ணிக்கையால் அமைவது. இங்கு வரி முடிவது பொருளாலும் மூச்சாலும். ஆகவே ஓசையொழுங்கைவிட உருவம், உள்ளடக்கம், உத்தி முதலிய சொற்களைக் கொண்டே திறனாய்வாளர் பேச வேண்டியதாயிற்று. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பாயின.

இதில் மொழியியலார் நோக்கத்தக்க விளைவு ஒன்றுண்டு. யாப்பில் அமைந்ததற்கு முன்பு கவிதை என்ற பெயரே போதியதாயிருந்தது. புதுக்கவிதை வேரூன்றிய பின் அதற்கும் அடைமொழி தேவைப்பட்டு, 'மரபுக்கவிதை' என்னும் பெயர் பெருவழக்காயிற்று. பழையது புதியதிடமிருந்து பெயர் பெற்றது. 'புது' என்பதும் காலப்பொருளை இழந்து தொகைச்சொல்லின் உறுப்பாகிவிட்டது. அறுபதாண்டுக்கு முற்பட்ட கவிதையையும் இன்று புதுக்கவிதை என்கிறோம். இதனை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர், அண்மையில் எழுதப்பட்ட கவிதை என்னும் பொருளையே தந்துவிடுகிறார். கட்டற்ற கவிதை எனப் பெயர்ப்பவரோ, 'எழுத்து'க் காலத்தினர் கைவிட்ட பெயர்களையே மீண்டும் கொண்டுவருகிறார்.