குடும்ப வன்முறை: வெளியே காத்திருக்கும் குழந்தைகள்

பி.காம் படிக்கிறவனுக்கு இந்த விஷயம் எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

நான் எட்டாவது படித்தபோது, கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் இருந்த ஒரு அக்கா, கணவரின் அடி தாங்காமல் புகார் கொடுத்தார். அம்மா துணைக்குப் போனார். அக்காவின் ஏழு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். உள்ளே அவர்கள் இருவருக்கும் கவுன்சலிங். நாங்கள் இரண்டு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "என்னாலதான் அப்பா அடிக்கிறாராண்ணா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவனிடம் பேச வேறு யாரும் வரவும் இல்லை.

அவன் ஏன் வெளியிலேயே இருந்தான்? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

குழந்தைகளின் மனதுக்கு ஆலோசனை என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1937-லேயே மும்பையில் டாடா சமூகப்பணிக் கல்லூரி குழந்தைகளுக்கான வழிகாட்டு மையம் ஒன்றைத் தொடங்கியது. 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் அடிதடி அப்போது 'குடும்ப விவகாரம்' மட்டுமே.

1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு வந்தது. 1984-ல் மும்பைக் காவல்துறைக்குள்ளேயே டாடா நிறுவனம் பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் குடும்ப நீதிமன்றச் சட்டமும் வந்தது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பெண்கள் புகார் சொல்ல இடம் கிடைத்தது. பெரிய மாற்றம்தான். ஆனால் பேச்சுவார்த்தை பெரும்பாலும் கணவன் மனைவிக்கு நடுவில்தான்.

2005-ல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. 20-வது பிரிவு குழந்தைக்கும் சேர்த்துப் பண உதவி தருகிறது. 21-வது பிரிவு குழந்தை தற்காலிகமாக யாரிடம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் ஆலோசனை பற்றிப் பேசும் 14-வது பிரிவைப் படியுங்கள். எதிர்மனுதாரர், பாதிக்கப்பட்ட பெண் என்று இருவர் மட்டும்தான். குழந்தை இல்லை!

கணக்குப்பதிவியலில் 'முழு விடுபிழை' படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதவே இல்லை என்றால் இருப்பாய்வு சரியாகவே பொருந்தும். பிழை இருப்பதே தெரியாது. அந்தப் பையனும் அப்படித்தான். கோப்பு சமரசம் என்று முடிந்துவிட்டது.

வெளிநாட்டிலும் இது சீக்கிரம் நடந்துவிடவில்லை. 1971-ல் லண்டன் சிஸ்விக்கில் எரின் பிஸ்ஸி தொடங்கிய காப்பகத்துக்குப் பெண்கள் பிள்ளைகளோடுதான் ஓடி வந்தார்கள். ஆனாலும் வன்முறையைப் பார்க்கிற, கேட்கிற, அதன் விளைவை அனுபவிக்கிற குழந்தையும் பாதிக்கப்பட்டவரே என்று அங்கே சட்டம் சொன்னது 2021-ல்தான். ஐம்பது வருடம்!

நம் ஊரில் சட்டத்துக்கு வெளியே சில முயற்சிகள் நடந்தன. 1996-ல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா முயற்சியால் 1098 தொலைபேசி உதவி தொடங்கியது (2023 முதல் அரசே நடத்துகிறது). சென்னையில் 2001-ல் தொடங்கிய பி.சி.வி.சி. அமைப்பு, தாய்மார்களோடு குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஆதரவு தருகிறது.

இந்த ஆலோசனையில் என்ன செய்வார்கள்? சின்னப் பிள்ளைகள் வாயால் சொல்லமாட்டார்கள். அதனால் படம் வரைதல், விளையாட்டு மூலம் பேச வைப்பார்கள். 'இது உன் தப்பு இல்லை' என்று புரிய வைப்பார்கள். சண்டை வந்தால் நடுவில் போகாதே, எந்த வீட்டுக்கு ஓடலாம், யாருக்குப் போன் செய்யலாம் என்று சொல்லித் தருவார்கள். வயது வந்த பிள்ளைகளிடம் தூக்கமின்மை, படிப்பில் சரிவு, அப்பாவைப் போலவே தனக்கும் வரும் கோபம் பற்றியெல்லாம் பேசுவார்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். அந்த வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் வகுப்பிலேயே இருக்கலாம்.

14-வது பிரிவில் 'குழந்தை' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை 1098, 181 இரண்டு எண்களையும் மனதில் வையுங்கள். அன்று அந்தப் பையனிடம் "உன்னால இல்லடா" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எந்தப் படிப்பும் தேவையில்லை.