குதிரையும் காசும்: கிண்டியிலிருந்து ஒஸ்லோ வரை

குதிரைக்குக் காசு கட்டுறது வெள்ளைக்காரன்ர பழக்கம் எண்டு எங்கட ஆக்கள் சிலர் சொல்லுவினம். பந்தயத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் குதிரைக்காகக் காசைத் தண்ணியாய் இறைப்பதில் தமிழருக்கு எழுநூறு வருசத்துக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ ஒரு விசயத்தைச் சொல்கிறார். அரசர்கள் வருசா வருசம் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறார்கள். வருசம் முடியும்போது நூறு கூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்த ஆக்கள் அங்கே இல்லை. குதிரை விற்கும் வியாபாரிகள் வைத்தியம் தெரிந்தவர்களைக் கூட்டி வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருசமும் வியாபாரம் நடக்கும்!

இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். குதிரைச் சரித்திரம் முழுக்க லாபம் பார்த்தவன் பெரும்பாலும் குதிரையில் ஏறினவன் இல்லை. இடையில் நிண்டவன்தான்.

எங்கட நெடுந்தீவுக் குதிரைகளை எல்லாருக்கும் தெரியும். போர்த்துக்கேயர் கொண்டு வந்தார்கள், ஒல்லாந்தர் வளர்த்தார்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அங்கே குதிரை வளர்ப்பைக் கவனித்தார். துரைமார் போய்விட்டார்கள். குதிரைகள் மட்டும் வெயிலிலும் தண்ணீர் தட்டுப்பாட்டிலும் கிடந்து அலைகின்றன.

பந்தயம் என்று பார்த்தால் சென்னைக் கிண்டியில் 1777 இலேயே குதிரை ஓடியிருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896 இல் வந்தது. இலங்கையில் முதலில் காலிமுகத்திடலில் ஓடினார்கள். 1893 இல் கறுவாத்தோட்டத்துக்கு மாறினார்கள். அந்தக் கொழும்பு மைதானத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அதை விமான ஓடுபாதை ஆக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, யப்பான்காரன் குண்டு போட வந்தபோது குதிரை ஓடின இடத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. 1950களில் கொழும்பில் பந்தயம் நின்றது. நுவரெலியாவில் மட்டும் சித்திரை வசந்த காலத்தில் குதிரைகள் ஓடும் வழக்கம் தொடர்ந்தது.

பந்தயம் நிண்டாலும் பந்தயக்காசு நிற்கவில்லை. கொழும்பில் இருந்தவர்களுக்கு 'புக்கி' தெரியும். இங்கிலாந்தில் எங்கோ மழையில் ஓடுகிற குதிரைக்கு இலங்கையில் சனம் துண்டு எழுதிக் காசு கட்டும். அங்கே பின்னேரம் எண்டால் இங்கே பொழுது படுகிற நேரம். வேலை முடிந்து கூலி கையில் இருக்கும் நேரம்! குதிரையைப் பார்த்ததில்லை, அந்த ஊரைப் பார்த்ததில்லை. பேரும் நம்பரும் மட்டும்தான். 1988 இல் அரசாங்கம் இதற்கென்று ஒரு வரிச்சட்டம் கொண்டு வந்தது. தன் பங்கையும் எடுத்துக்கொள்ளத்தான்.

நோர்வேயில் கதை வேறு மாதிரி. இங்கே புக்கி கிடையாது. 1927 இல் வந்த சட்டம் 'தோத்தலிசாத்தோர்' முறையில்தான் குதிரைப் பந்தயக்காசு கட்டலாம் என்றது. அடுத்த வருசம் ஒஸ்லோவில் பியர்க்கே ஓடுகளம் திறந்தது. 1932 இல் பக்கத்து பாரூம் நகரசபையில் ஓவ்ரெவோல் திறந்தது. பியர்க்கேயில் குதிரை பாய்ந்து ஓடக்கூடாது, சிறு வண்டியை இழுத்துக்கொண்டு துள்ளுநடையில் போகவேண்டும். எங்கட மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். ஓவ்ரெவோலில்தான் ஜொக்கி ஏறி ஓடுகிற பந்தயம்.

இந்த 'தோத்தோ'வின் பிறப்பு சுவாரசியமானது. 1860களில் பாரிசில் ஜோசெப் ஒல்லர் என்பவர் இந்த முறையைத் தொடங்கினார். பின்னாளில் மூலான் ரூஜ் களியாட்ட மண்டபத்தைத் திறந்த அதே ஆள்தான். எல்லாருடைய காசையும் ஒரே பானையில் போடுவது, நடத்துபவர் தன் வீதத்தை முதலில் எடுப்பது, மிச்சத்தை வென்றவர்களுக்குப் பிரிப்பது. இதுதான் முறை. கணக்குப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவுஸ்திரேலியாவில் ஜோர்ஜ் ஜூலியஸ் என்ற பொறியியலாளர் தேர்தலில் வாக்கு எண்ண ஒரு மெசின் வடிவமைத்தார். அரசாங்கம் வேண்டாம் என்றது. அதையே மாற்றிப் பந்தயக் கணக்கு மெசின் ஆக்கினார். 1913 இல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் அது ஓடத் தொடங்கியது. வாக்கை எண்ண ஆள் இல்லை, சூதாட்டக் காசை எண்ண ஆள் இருந்தது!

நானும் லீவு நாளில் ஓவ்ரெவோல் போவதுண்டு. போன கோடையில் ஒரு நாள் ஐந்நூறு குரோனர் கொண்டு போனேன், ஏழு ஓட்டம் பார்த்தேன், இருநூற்றுச் சொச்சத்தோடு வந்தேன். பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள், தொப்பி போட்ட சீமாட்டிகள், புல்லில் இருந்து சாப்பிடுகிற ஆக்கள். குதிரைகள் கடைசி வளைவு திரும்பி வரும்போது நிலம் அதிரும். அது ஒரு அழகுதான், மறுக்கமாட்டேன். ஆனால் சனம் குதிரையைப் பார்த்ததை விட கையில் இருந்த ரிக்கற்றைத்தான் கூடப் பார்த்தது.

கணக்கைப் பாருங்கள். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டவன் எண்டாலும் இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணிதம் போதும். உதாரணத்துக்கு நூறு பேர் பத்துப் பத்துக் குரோனர் போட்டால் ஆயிரம். நூற்றுக்கு 25 வீதம் கழித்தால் மிச்சம் 750. அதையே திருப்பிக் கட்டினால் 562. இப்படிப் பத்து முறை சுற்றினால் ஆயிரம் 56 ஆகிவிடும். யார் வென்றார், யார் தோற்றார் என்பது வேறு கதை. பானை வற்றுவது நிச்சயம். கழிவு வீதம் பந்தய வகையைப் பொறுத்து மாறும், ஆனால் கழிவு இல்லாத பானை கிடையாது.

நோர்வேயில் 1982 இல் உருவான நோர்ஸ்க் றிக்ஸ்தோத்தோ இந்தப் பானையை நடத்துகிறது. மிச்சக் காசு குதிரை விளையாட்டுக்கும் வளர்ப்புக்கும் போகிறது. தனி முதலாளியின் பையில் போகாதது நல்ல விசயம். ஆனால் தோற்றவனுக்கு அது எங்கே போனால் என்ன?

"திறமை வேணும் அண்ணை, சும்மா அதிஷ்டம் இல்லை" என்று சொல்லும் தம்பிமார் உண்டு. இதே வாதம் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974 இல் கலைஞர் அரசு தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்ய சட்டம் போட்டது. 1986 இல் எம்.ஜி.ஆர். அரசு ரேஸ் கிளப்பையே எடுக்கச் சட்டம் போட்டது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொல்லி, கிளப்பின் பக்கம் நின்றது. கடைசியில் கிளப்புக்கு இடி வந்தது சூதாட்டத்தால் அல்ல, வாடகையால். 1946 இல் 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்த கிண்டிக் காணிக்கு 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை இரத்து செய்து சீல் வைத்தது.

திறமை உண்டு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். குதிரைக்கு உண்டு, ஜொக்கிக்கு உண்டு, பழக்குபவருக்கு உண்டு. வம்சமும் பழைய ஓட்டமும் படித்துக் கணக்குப் பார்ப்பவனுக்கும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்குச் சட்டி கழுவி முடித்து, குசினிப் பின்வாசலில் நிண்டு போனில் நாலு நம்பரை அமத்துகிறவனுக்கு என்ன திறமை? முந்தி காசு கட்ட பியர்க்கேக்கோ கடைக்கோ நடந்து போகவேண்டும். அந்த நடையில் கொஞ்சம் யோசிக்கவாவது நேரம் இருந்தது. இப்போது அந்த நடையும் இல்லை.

எங்கட சனம் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. வள்ளுவர் கள்ளுக்கு ஒரு அதிகாரம், சூதுக்கு ஒரு அதிகாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாங்கள் குடிக்கிறவனைப் பற்றி ஊர் முழுக்கக் கதைப்போம். காசு கட்டுகிறவனைப் பற்றி, சீட்டுக்காசு நிண்ட பிறகுதான் தெரியவரும். அதுவரை அவன் மனுசிக்கும் தெரியாது. குடித்தவனுக்கு மணம் இருக்கும், இவனுக்கு மணம் இல்லை.

குதிரை பார்க்கப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து இருபது குரோனர் கட்டிக் கத்துங்கள், அது ஒரு ரிக்கற் காசு மாதிரி. ஊருக்கு அனுப்புகிற காசையும் வீட்டு வாடகையையும் மட்டும் குதிரைக்கு முதுகில் ஏத்தாதீர்கள். அந்தச் சுமையோடு எந்தக் குதிரையும் முதலாவதாய் வந்ததாய்ச் சரித்திரம் இல்லை.