கோரைப்பல்லும் மேலண்ணமும்

கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மேலே நிற்கும் சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. விலங்கே தோன்றாத காலத்தில் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல் அது. அதற்குள் எலும்பு தேடிப் பயனில்லை. இங்கே ஒப்பிடும் இரு வேட்டை விலங்குகளும் அந்த வயதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 25 கோடி ஆண்டுக்கு முந்தியவை. அவற்றைத் தேட ஆற்றுவண்டல் இறுகிய பாறை வேண்டும்.

ஒன்று கோர்கோனாப்சியன். தெலங்கானாவின் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில், குண்டாரம் பாறையடுக்கில் கிடைத்த அதன் எச்சத்தைச் சங்கமித்ரா ரேயும் சாஸ்வதி பந்தியோபாத்யாயும் 2003இல் பதிவு செய்தார்கள். மற்றொன்று திரினாக்ஸோடான். தென்னாப்பிரிக்காவில் முழு எலும்புக்கூடாகவே கிடைக்கிறது. அது சைனோடான்ட் குலத்தது; அதன் உறவான பிற சைனோடான்ட்களின் துண்டுகள் மேற்கு வங்கத்துத் தாமோதர்ப் பள்ளத்தாக்கிலும் உண்டு. இரண்டுமே டைனோசர்கள் அல்ல, நம் பாலூட்டிக் குலத்தின் பங்காளிகள்.

உருவத்தில் முன்னதற்கே வெற்றி. கோர்கோனாப்சியன்களில் பெரியதான, ருஷ்யாவில் முதலில் அறியப்பட்ட இனோஸ்திரான்சேவியா 3 மீட்டர் நீளம். கோரைப்பல் 12 செ.மீ.யைத் தாண்டும். திரினாக்ஸோடான் கீரிப்பிள்ளை அளவுதான்.

வாயைத் திறந்தால் கணக்கு மாறுகிறது. கோர்கோனாப்சியனுக்குக் கடைவாய்ப் பற்கள் சிறியவை, சில மட்டுமே. குத்தும், கிழிக்கும், துண்டாக விழுங்கும். திரினாக்ஸோடானின் கடைவாய்ப் பற்களிலோ மூன்று முனைகள், இரையை நறுக்கலாம். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே எலும்பாலான மேலண்ணம் அதற்கு இருந்தது. வாயில் இரை இருக்கும்போதே மூச்சு விடலாம். கோர்கோனாப்சியனுக்கு அந்தத் தடுப்பு இல்லை.

வளை தோண்டிப் பதுங்கும் பழக்கமும் சின்னதற்கு உண்டு. புதைபடிவமான ஒரு வளையை 2013இல் ஊடுகதிரால் படம் எடுத்தபோது, திரினாக்ஸோடானுக்குப் பக்கத்தில் காயம்பட்ட ஒரு நீர்நில வாழ்வியும் படுத்திருந்தது தெரிந்தது.

25.2 கோடி ஆண்டுக்கு முன் சைபீரிய எரிமலைக் குழம்பு பெருகி உலகம் வெந்தது. பெரிய இரை அற்றுப்போக, பெரிய பல்லுக்கு வேலை இல்லாமல் போனது. கோர்கோனாப்சியன் குலம் முடிந்தது. புழுபூச்சி தின்று, வளைக்குள் ஒடுங்கத் தெரிந்த சைனோடான்ட்கள் பிழைத்தன.

திரினாக்ஸோடான் நம் நேர்ப் பாட்டன் அல்ல, பாட்டனின் பங்காளி. ஆனாலும் நாக்கை மேலே தூக்கி அண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள்: அந்தக் கெட்டி எலும்பு சைனோடான்ட் வழியில் வந்த சொத்து.