புல்லால் ஒரு டொயோட்டா

2005-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், பூர்வகுடிக் கலைஞர்களுக்கான தேசியக் கலை விருதை ஒரு டொயோட்டா வண்டி தட்டிச் சென்றது. அந்த வண்டி ஓடாது. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் உள்ள பாப்புலங்குட்ஜா என்ற சிற்றூரின் பெண்கள், காட்டுப்புல்லைக் கத்தை கத்தையாகச் சுற்றித் தைத்து, அசல் வண்டியின் அளவிலேயே செய்தது அது. பார்த்தவர்களில் பலர், ஆயிரமாயிரம் ஆண்டாக அந்தப் பாலைவனத்தில் வழங்கிவரும் கைத்தொழில் என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் அந்தத் தையல் அங்கே வந்து சேர்ந்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தத் தையலின் கதையோ நூறாண்டுக்கு மேற்பட்டது.

முதலில் தையலைப் பார்த்துவிடுவோம். ஒரு பிடி புல்லைக் கயிறுபோல் திரட்டிக்கொண்டு, நாரால் சுற்றி, கைமுறுக்கு போல் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு ஊசியால் பிணைக்க வேண்டும். புல் தீரத் தீர நடுவில் புதுப் புல்லைச் செருகிக்கொண்டால் போதும், முடிச்சே தேவையில்லை. சுற்றைப் படுக்கையாக வைத்தால் பாய், மேலேற்றினால் கூடை.

இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவில், முர்ரே ஆறு கடலை நெருங்கும் பகுதியிலும் கூரோங் உப்பங்கழியிலும் வாழும் ஙாரிஞ்ஜெரி மக்கள். அவர்கள் அறுத்துவந்த செடி நமக்கும் தூரத்து உறவு. பத்தமடைப் பாய் எந்தக் கோரைப் பேரினத்தில் பிறக்கிறதோ, அதே பேரினத்தைச் சேர்ந்த நீர்க்கரைக் கோரை அது. மீன் கொண்டுவரக் கூடை, விலாங்கு பிடிக்கப் பொறி, குழந்தையை முதுகில் சுமக்க வட்டப் பாய் என எல்லாம் அதில்தான். ஒரே அளவில் இரண்டு பாதிகளைச் செய்து சேர்த்துத் தைத்த தட்டைக் கூடைக்குச் ‘சகோதரிக் கூடை’ என்றே பெயர். 1840-களில் அங்கே வந்த ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஃபிரெஞ்ச் ஆங்கஸ், பாயை முதுகில் அணிந்த பெண்ணைப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறார்.

பிறகு வெள்ளையர் குடியேற்றம் நிலத்தை எடுத்துக்கொண்டது. மக்கள் பாதிரிமார் நடத்திய மிஷன்களுக்குள் ஒதுங்கினார்கள். வேட்டையும் மீன்பிடியும் சுருங்க, கூடையும் பாயும் விற்பனைச் சரக்காயின. வாங்க ஆள் வந்ததும் வடிவங்களும் மாறின. 1940-களின் தொடக்கத்தில் ஜேனட் வாட்சன் என்ற ஙாரிஞ்ஜெரிப் பெண் கோரையால் ஓர் ஆகாய விமானமே முடைந்தார்! அது போர்க்காலம், வானத்தில் விமானங்கள் பறந்த காலம். கண்ணில் பட்டதெல்லாம் கைக்கு வந்தது.

இதற்கு முன்பே, யாரும் திட்டமிடாத ஒரு பயணம் நடந்திருந்தது. கிரெட்டா மேத்யூஸ் என்ற மிஷனரிப் பெண்மணி ஙாரிஞ்ஜெரிகளிடமிருந்து வந்த இந்தத் தையலைக் கற்றிருந்தார். 1920-களில் அவர் வடகோடியில் உள்ள கோல்பர்ன் தீவு மிஷனுக்குப் போனார். ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தத் தீவின் பெண்களுக்குத் தையலைச் சொல்லிக் கொடுத்தார். ஆர்ன்ஹெம் லேண்ட் என்ற அந்த வட்டாரத்துப் பெண்கள் இதில் கத்துக்குட்டிகள் அல்லர். இழைகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பை பின்னுவது அவர்களுக்குப் பரம்பரை வேலை. பழைய பாறை ஓவியங்களிலேயே அந்தப் பைகள் தொங்குகின்றன. புதிதாக வந்தது சுற்றித் தைக்கும் முறை மட்டுமே.

கோரைக்குப் பதிலாக அங்கே கையில் அகப்பட்டது தாழை. துரட்டியால் குருத்தை வளைத்துப் பறித்து, ஓரத்து முள்ளைக் கிழித்தெறிந்து, நகத்தால் மடலை இரண்டு மெல்லிய ஏடுகளாகப் பிரித்துக் காயவைப்பார்கள். சாயத்துக்கு நுணாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர். அதை இடித்து நீரில் கொதிக்கவைத்தால் மஞ்சள். அதே சாயத்தில் ஒரு பிடி சாம்பலைப் போட்டால் நிறம் சிவப்புப் பக்கம் சாய்ந்துவிடும். ஆக, தெற்கத்தித் தையலும் வடக்கத்தி ஓலையும் சேர்ந்து ஒரு புதுக்கூடை பிறந்தது. இன்று குன்பலான்யா போன்ற ஊர்களின் வண்ணக் கூடைகளைப் பார்ப்பவர்களுக்கு, அவற்றில் பாதி தெற்கத்திச் சரக்கு என்று தெரியாது.

தெற்கிலோ தையல் கிட்டத்தட்ட அற்றுப்போகும் நிலை. தெரிந்தவர்கள் சிலரே மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவரான டோரதி கார்டினியேரி என்ற மூதாட்டி, 1982-இல் மெனிங்கி ஊரில் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்தினார். அதில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் இவான் கூல்மேட்ரி. அவர் பழைய விலாங்குப் பொறிகளை மறுபடி முடைந்தார். ஜேனட் வாட்சனின் விமானத்தைப் பார்த்துத் தாமும் ஒரு விமானம் செய்தார். 1997-இல் அவருடைய கோரைப் பின்னல்கள் வெனிஸ் பியனாலே கலைக்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் வைக்கப்பட்டன. மீன்பிடி சாமான் கலைக்கூடத்துக்குள் நுழைய இடையில் ஒரே ஒரு பயிற்சி வகுப்பு!

1995-இல் தையல் பாலைவனத்துக்குள் புகுந்தது. வீட்டைவிட்டுத் தொலைவு போகாமல் பெண்கள் சம்பாதிக்க வழி வேண்டும் என்று, பாலைவனப் பெண்களின் அமைப்பான என்.பி.ஒய். பெண்கள் பேரவை பாப்புலங்குட்ஜாவில் கூடை முடையும் பயிற்சி நடத்தியது. அதுவரை அங்கே சுமை ஏந்தியது மரத்தைக் குடைந்த தொட்டி. அதைத் தலையில் தாங்க ஒரு சும்மாடு. முடியும் புல்லும் இறகும் சேர்த்துச் சுற்றிய அந்தச் சும்மாட்டில் பழகிய விரல்களுக்குப் புதுத்தையல் உடனே பிடிபட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர், ஓர் ஊரைப் பார்த்து மறு ஊர் எனப் பரவி, ‘ஜான்பி பாலைவன நெசவாளர்கள்’ என்ற தொழிலமைப்பாக வளர்ந்தது. இன்று 400-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். சிலர் கூடையோடு நிற்காமல் நாய், பறவை, ஒட்டகம் என்று உருவங்களுக்குத் தாவினார்கள். டொயோட்டா அந்த வரிசையில் வந்ததுதான். இன்னொரு வேடிக்கை: புல் அவர்கள் மண்ணில் முளைத்தது, பலர் தைக்கும் ராஃபியா நாரின் பிறப்பிடமோ கடல்தாண்டி இருக்கும் மடகாஸ்கர். 2015-இல் இந்தப் புல் உருவங்களும் வெனிஸ் போய்ச் சேர்ந்தன.

தையல் எந்த ஊருக்கும் பயணப்படும். செடி அப்படியல்ல. சதுப்புகளை மேய்ச்சலுக்கும் பயிருக்கும் திருத்தியதிலும், முர்ரே முகத்துவாரத்துக்கு அருகே 1940-வாக்கில் தடுப்பணைகள் எழுந்ததிலும் தெற்கத்திக் கோரை சுருங்கிப்போனது. கற்றுக்கொடுக்க ஆள் இருந்தும் அறுக்கக் கோரை இல்லாவிட்டால் கலை நின்றுவிடும். ஆகவே, கைவினைக் கடையில் ஒரு கூடையை எடுக்கும்போது “இது எவ்வளவு பழைய மரபு?” என்று கேட்காதீர்கள்; இரவல் வாங்காத மரபு அரிது. “இது என்ன செடி, எங்கே அறுத்தது, முடைந்தவர் கைக்கு எவ்வளவு போகும்?” என்று கேளுங்கள்.