ஓடுபாதைக்கு ஒளி தந்த ஃபார்ன்பரோ

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஃபார்ன்பரோ, பிரிட்டிஷ் விமான ஆய்வின் தாய்வீடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்டர்ஷாட்டிலிருந்து இங்கே குடிபெயர்ந்த ராணுவ பலூன் தொழிற்சாலை, 1912-இல் ராயல் விமானத் தொழிற்சாலை ஆனது. 1918-இல் ‘ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட்’ என்று பெயர் மாறியது. போர் விமானங்களுக்காகப் புகழ்பெற்ற இந்த நிறுவனத்துக்கு, பயணிகளாகிய நாம் பட்டிருக்கும் கடன் வேறொன்று. இருட்டிலும் மழையிலும் மூடுபனியிலும் இறங்கும் விமானியின் கண்ணுக்கு அது வழிகாட்டியது.

பகலில் விமானிக்குத் தொடுவானம் தெரியும். மரம், வீடு, சாலை எல்லாம் தெரியும். உயரத்தையும் சாய்வையும் அவற்றை வைத்தே கண் கணித்துவிடும். இரவில் இந்த அடையாளங்கள் இல்லை. இருண்ட கடலுக்கோ காட்டுக்கோ அப்பால் ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரிந்தால், தான் அதிக உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். அதை நம்பி இறக்கினால், ஓடுபாதை வருவதற்கு முன்பே தரை வந்துவிடும். போயிங் நிறுவனத்தின் கான்ராட் கிராஃப்ட் 1960-களில் அனுபவம் மிக்க விமானிகளை வைத்தே இதைச் சிமுலேட்டரில் சோதித்தார். அவர்களில் பெரும்பாலோர் தம்மை அறியாமலே மிகத் தாழ்வாகப் பறந்தார்கள்.

மழை வந்தால் சிக்கல் கூடும். முகப்புக் கண்ணாடியில் வழியும் நீர் ஒளியை வளைத்து, விளக்குகளை இடம் மாற்றிக் காட்டும். மங்கிய விளக்கு தொலைவில் இருப்பதுபோலவும், பளிச்சென்ற விளக்கு பக்கத்தில் இருப்பதுபோலவும் தோன்றும். தரையோடு படிந்த மெல்லிய பனியோ இன்னும் பொல்லாதது. மேலிருந்து பார்க்கும்போது ஓடுபாதை முழுவதும் தெரியும். பனிக்குள் நுழைந்ததும் விளக்குகள் மறையும். விமானத்தின் மூக்கு மேலே எழுவதுபோன்ற உணர்வு வரும். அதைச் சரிசெய்வதாக எண்ணி மூக்கைத் தாழ்த்தினால் ஆபத்து.

இதற்கெல்லாம் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. வானொலி அலைகளால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவியின் முதல் வகை இறக்கத்தில், முடிவெடுக்கும் உயரம் 200 அடி. அங்கே விளக்குகள் கண்ணில் படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். பட்டால், சக்கரம் தரையைத் தொட ஏறக்குறைய 20 வினாடிதான் இருக்கும். அதற்குள் கருவிகளிலிருந்து கண்ணை எடுத்து, நடுக்கோட்டில் வருகிறோமா, இறக்கை சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபார்ன்பரோவின் ஈ. எஸ். கால்வர்ட் ஆராய்ந்தது இந்தச் சில வினாடிகளைத்தான். அந்த நேரத்தில் கண் எதைத் தேடுகிறது என்று கேட்டு, அதற்கேற்ப விளக்குகளை வரிசைப்படுத்தினார். ஓடுபாதை தொடங்குவதற்கு முன் 900 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடுக்கோடு. அதன் குறுக்கே 150 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து விளக்குப் பட்டைகள். நடுக்கோட்டில் விமானி முதலில் கடக்கும் 300 மீட்டரில் மும்மூன்று விளக்குகள், அடுத்த 300-இல் இரண்டிரண்டு, கடைசி 300-இல் ஒற்றை விளக்குகள். எண்ணிக்கை குறையும்போதே மிச்சத் தூரம் விமானிக்குப் புரிந்துவிடும். குறுக்குப் பட்டை, காணாமற்போன தொடுவானத்தின் வேலையைச் செய்யும்; அது சாய்வாகத் தெரிந்தால் சாய்ந்திருப்பது விமானம்தான். பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகள் இன்றும் ஏற்கும் அமைப்புகளில் இதுவும் ஒன்று.

இறங்கும் கோணத்தைக் காட்டும் விளக்கும் இந்த நிறுவனத்தின் கொடைதான். அதன் பெட்ஃபோர்ட் கிளையில் டோனி ஸ்மித்தும் டேவிட் ஜான்சனும் 1974-இல் ‘பாப்பி’ விளக்கை உருவாக்கினார்கள். ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான கோணம். நான்கும் சிவப்பென்றால் மிகத் தாழ்வு. நான்கும் வெள்ளையென்றால் மிக உயரம். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் விமானிகள் பார்த்து இறங்குவது இதைத்தான்.

கண்ணுக்கு எதுவுமே தெரியாத பனியில் என்ன செய்வது? அதற்காக இதே நிறுவனத்தின் பிரிவாக, 1945-இல் ‘பிளைண்ட் லேண்டிங் எக்ஸ்பெரிமென்டல் யூனிட்’ சஃபோக்கில் தொடங்கப்பட்டு, 1957-இல் பெட்ஃபோர்டுக்கு மாறியது. அதன் உழைப்பு தானியங்கி இறக்கத்துக்கு வழி திறந்தது. 1965 ஜூன் 10 அன்று, பயணிகளுடன் பாரிஸிலிருந்து வந்த டிரைடென்ட் விமானம் ஹீத்ரோவில் தானாகவே தரைதொட்டது. தாய் நிறுவனம் 1991-இல் பாதுகாப்பு ஆய்வு முகமையோடு இணைந்து, பழைய அடையாளத்தை இழந்தது. விளக்குகள் உலகெங்கும் எரிகின்றன.

ஆனாலும் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோட்டில் மழையில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், தொடவேண்டிய பகுதியைத் தாண்டித் தரைதொட்டுப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். விமானியின் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. காரணங்கள் பல என்றாலும், கண்ணுக்குத் தெளிவு எவ்வளவு தேவை என்பதை அந்த இரவு உணர்த்தியது.

அந்தத் தெளிவைக் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. விமான நிலையத்தைச் சுற்றி வாழும் அன்பர்களே, போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள். இறங்கும் விமானத்தை நோக்கி யாரும் லேசர் ஒளி அடிக்க விடாதீர்கள். விமானிக்கு வேண்டியது சில வினாடித் தெளிவுதான். அதைக் கெடுக்காமல் இருப்பது நம் கடமை.