ஹையலூரோனிக் அமிலமும் லிப்பிடுகளும்

ஹையலூரோனிக் அமிலம் என்பது உடலின் இணைப்புத் திசுக்களில் நிறைந்துள்ள நீண்ட சங்கிலி வடிவச் சர்க்கரைச் சேர்மம். இது நீரை மிகுதியாக ஈர்த்து வைத்துக்கொள்ளும். கொழுப்பு, பாஸ்போலிப்பிடு, கொலஸ்ட்ரால் முதலிய லிப்பிடுகளோ நீரோடு எளிதில் கலப்பதில்லை. இயல்பில் எதிரெதிரான இவ்விரண்டும் மூட்டிலும் தோலிலும் செல் சவ்விலும் சேர்ந்தே இயங்குகின்றன. மூட்டு வழுக்கலாக அசைவதில் இந்தக் கூட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது.

வேதியமைப்பு

இந்த அமிலத்தை 1934-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உட்கூழிலிருந்து பிரித்தெடுத்தனர். குளுக்குரோனிக் அமிலமும் என்-அசிட்டைல் குளுக்கோசமினும் மாறிமாறிக் கோத்த சங்கிலி இது. இதில் கந்தகத் தொகுதிகள் இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் மூன்றிலொரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது.

சங்கிலி முழுவதும் நீர்நாட்டம் கொண்டதன்று. கார்பன்–ஹைட்ரஜன் தொகுதிகள் ஒரே பக்கமாக அடுத்தடுத்து அமைவதால் இடையிடையே நீர்விலக்கும் பகுதிகள் உண்டாகின்றன. பாஸ்போலிப்பிடுகள் இந்த அமிலத்தோடு ஒட்டுவதற்கு இப்பகுதிகள் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன.

செல் சவ்வில்

இதன் இனச் சேர்மங்கள் பெரும்பாலும் செல்லுக்குள் உள்ள கோல்கி உறுப்பில் உருவாக, ஹையலூரோனிக் அமிலம் மட்டும் செல் சவ்விலேயே உருவாகி நேரே வெளியே தள்ளப்படுகிறது. மனிதரில் இதைச் செய்யும் நொதிகள் மூன்று. இவை லிப்பிடுப் படலத்தில் பதிந்திருப்பவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் இதே வகை நொதியைத் தனியே பிரித்தெடுத்தால், கார்டியோலிப்பின் என்னும் லிப்பிடு இன்றி அது சரிவரச் செயல்படுவதில்லை. இந்த அமிலத்தை அடையாளம் காணும் சிடி44 என்ற ஏற்பியும், சவ்வில் கொலஸ்ட்ரால் செறிந்த திட்டுகளில் சேர்ந்து நின்று பணியாற்றக்கூடியது.

மூட்டு உயவு

மூட்டுத் திரவத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 2 முதல் 4 மில்லிகிராம் ஹையலூரோனிக் அமிலம் உள்ளது. திரவத்தின் பிசுபிசுப்பு இதனால் வருவது. ஆனால் குருத்தெலும்புப் பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும்போது உராய்வைப் போதிய அளவு குறைக்க இதனால் தனித்து இயலாது.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேக்கப் கிளைன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. அவர்கள் கருத்துப்படி, லூப்ரிசின் என்ற புரதம் அமிலச் சங்கிலியைக் குருத்தெலும்புப் பரப்பில் பிடித்துவைக்கிறது. அச்சங்கிலியின் மீது பாஸ்பட்டிடைல்கோலின் என்ற பாஸ்போலிப்பிடு ஒட்டுகிறது. வெளிநோக்கி நிற்கும் அதன் தலைப்பகுதிகள் நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றியிருக்கும். அழுத்தினாலும் இந்த நீர் எளிதில் வெளியேறாது. ஆயினும் பக்கவாட்டில் தடையின்றி நகரும். ஆய்வகத்தில் மைக்கா கனிமப் பரப்பில் இதையொத்த அமைப்பை உருவாக்கிச் சோதித்தபோது, சுமார் 100 வளிமண்டல அழுத்தத்திலும் உராய்வுக் குணகம் 0.001 அளவிலேயே இருந்தது.

மூட்டுத் தேய்வு நோயில் அமிலத்தின் செறிவும் சங்கிலியின் நீளமும் குறைகின்றன. அழற்சியின்போது பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி பாஸ்போலிப்பிடுகளைச் சிதைக்கும். ஆய்வகச் சோதனைகளில் ஹையலூரோனிக் அமிலம் இச்சிதைவிலிருந்து அவற்றைக் காத்தது. ஆகவே அமிலம் குன்றும்போது லிப்பிடுப் படலமும் காப்பிழக்கிறது என்ற கருதுகோள் தாடை மூட்டு ஆய்வுகளில் முன்வைக்கப்பட்டது.

தோல், கொழுப்புத் திசு, தமனி

உடலின் ஹையலூரோனிக் அமிலத்தில் ஏறத்தாழப் பாதி தோலில் உள்ளது. தோலின் மேலடுக்கில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் சேர்ந்து நீரிழப்பைத் தடுக்கின்றன. இந்த அமிலம் சிடி44 ஏற்பியோடு இணைவது, மேற்றோல் செல்கள் முதிர்ந்து அந்த லிப்பிடுகளைச் சுரக்கத் தூண்டுகிறது.

கொழுப்பு மிகுந்த உணவால் பருமனான எலிகளின் திசுக்களில் இந்த அமிலம் கூடுதலாகச் சேர்கிறது; அதை நொதி கொடுத்துச் சிதைத்தபோது இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது. தமனிச் சுவரில், கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகள்களைப் பெரும்பாலும் பிடித்துவைப்பவை இதே இனத்தைச் சேர்ந்த, கந்தகம் ஏறிய சங்கிலிகளே. ஹையலூரோனிக் அமிலமோ அங்கே வெர்சிகன் என்ற புரதச் சேர்மத்தோடு சேர்ந்து குவிந்து, அழற்சிச் செல்கள் ஒட்ட இடந்தருகிறது.

மருத்துவப் பயன்

முழங்கால் தேய்வுக்கு இந்த அமிலத்தை ஊசியாகச் செலுத்துகிறார்கள். அதன் பலன் குறித்து மருத்துவ ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபடவில்லை. அமிலம் தனித்து உராய்வைப் போதிய அளவு குறைப்பதில்லை என்பதால், அதனுடன் பாஸ்போலிப்பிடுகளையும் சேர்த்து உருவாக்கும் உயவுப் பொருள்கள் ஆராயப்பட்டு வருகின்றன. இந்த அமிலம் பூசிய லிப்பிடு நுண்குமிழ்களில் மருந்தை அடைத்து, சிடி44 மிகுந்த புற்றுச் செல்களுக்குக் கொண்டுசேர்க்கும் முயற்சியும் நடைபெறுகிறது.