பாரிஸ் – லண்டன்: எத்தனை நேரம்?

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். எங்கள் பூகோளப் பாடத்தில் ஆங்கிலக் கால்வாய் என்ற பெயரே கிடையாது. 'லா மான்ஷ்' என்போம். சட்டைக் கை என்று பொருள். இந்தச் சட்டைக் கையைத் தாண்ட மனிதன் பட்ட பாடுதான் இன்றைய கட்டுரை.

1909 ஜூலை 25 அன்று, கலே அருகிலிருந்து கிளம்பிய லூயி பிளேரியோ, சுமார் 37 நிமிடத்தில் டோவர் போய் இறங்கினார். பத்து வருடம் கழித்து, 1919 ஆகஸ்ட் 25 அன்று, லண்டன் – பாரிஸ் தினசரி விமானம் தொடங்கியது. முதல் பயணி ஒரே ஒரு பத்திரிகையாளர். கூடவே செய்தித்தாள் கட்டுகளும் கிரீம் ஜாடிகளும் போயின. ஊருக்கு ஊர் நேர்க்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். பிடித்த நேரம் இரண்டரை மணி.

அன்றைய விமானிகள் கீழே தெரியும் சாலையையும் ரயில் பாதையையும் பார்த்துத்தான் ஓட்டினார்கள். 1922 ஏப்ரல் 7 அன்று பிரான்சின் பிக்கார்டி பகுதியில் மூடுபனி. ஒரே சாலையைப் பார்த்தபடி எதிரெதிரே வந்த இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. ஏழு பேரும் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதியது அதுவே முதல் முறை. வலப்பக்கம் ஒதுங்கிப் பறக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் அழுத்தம் பெற்றது.

1950 ஜூலையில் விக்கர்ஸ் விஸ்கவுண்ட் விமானம் லண்டன் நார்த்தோல்ட்டிலிருந்து பாரிஸ் லெ பூர்ஜேக்கு 57 நிமிடத்தில் பறந்தது. இன்றைய கால அட்டவணையில் போட்டிருப்பதோ சுமார் ஒன்றேகால் மணி! வேகம் குறையவில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்க முறை வரக் காத்திருப்பதும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. விமான நிலையத்துக்குப் போகும் நேரமும் சோதனை வரிசையில் நிற்கும் நேரமும் அதில் சேரவே இல்லை. 1994 நவம்பரில் கடலடிச் சுரங்க ரயில் வந்தது. இன்று அது இரண்டேகால் மணியில் நகரின் நடுவிலிருந்து நடுவுக்கே கொண்டுபோய் விடுகிறது. அதனால் பலர் ரயிலுக்கே மாறிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய டி.ஏ. பில் நினைவுக்கு வந்தது. பாகூர் பக்கத்திலிருந்து வந்த கடைநிலை ஊழியர் ஒருவர், வெளியூர் வேலைக்கு காலை 5 மணிக்கே புறப்பட்டதாக எழுதியிருந்தார். பஸ் 7 மணிக்குத்தான் என்று சொல்லி, சிவப்பு மையால் அந்த இரண்டு மணி நேரத்தை வெட்டினேன். அவருடைய படி பாதியானது. அவர் ஒன்றும் பேசவில்லை. பஸ் பிடிக்க அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்று நானும் கேட்கவில்லை.

அட்டவணையில் இருந்தது பஸ்ஸின் நேரம். அவர் எழுதியது தன்னுடைய நேரம். இரண்டும் சரிதான் என்று புரிய எனக்கு எழுபது வயது ஆகியிருக்கிறது.